சொர்ணாம்பாளின் சுண்டு விரல்

5.3.2025, புதன்

இன்றைய தவறு: விரல்ரேகைக் கருவி சரியாகிவிட்டது என்று நேற்று எழுதியிருந்தேன். சரியாகவில்லை. நான் சோதித்தது என் விரலை வைத்து. அந்த லேப்டாப் திறக்க வேண்டியது சொர்ணாம்பாள் அக்காவின் விரலுக்கு.

எழுதிவிட்டு வெண்பா பேனாவை மூடினாள். பிறகு திறந்து, ‘சிறிய தவறு’ என்று திருத்தலாமா என யோசித்தாள். திருத்தவில்லை. எது சிறியது, எது பெரியது என்று இப்போதெல்லாம் அவளுக்குப் பிடிபடுவதில்லை.

ஜங்ஷன் ரோட்டு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் மாலை வகுப்பு நடத்தும் மாணிக்கவேல் சார் வைத்த விதி அது. அன்றன்று பார்த்த பழுதை எழுத வேண்டும். முதல் வரியில் தன் தவறு இருக்க வேண்டும். “தப்பே பண்ணலன்னு எவனாவது எழுதிட்டு வந்தா, அன்னிக்கு அவன் மெஷினத் தொடவே இல்லன்னு நான் எடுத்துக்குவேன்” என்பார்.

வெண்பாவுக்கு அந்த விதியில் சிரமமில்லை. தான் தவறு செய்திருப்போம் என்றுதான் அவள் எப்போதும் ஆரம்பிப்பாள். ஆனால் தை மாதத்திலிருந்து தவறும் உறைப்பதில்லை. சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை நிறுத்திக்கொள்வதாகப் போனில் சொன்னார்கள். அம்மா அழுதாள். வெண்பா மறுநாள் வேலைக்குப் போனாள், மாலையில் வகுப்புக்குப் போனாள், ராத்திரி வந்து சாப்பிட்டாள். பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கன்னம் இருக்கிறது என்று தெரியும். தொட்டால்தான் தெரியாது.

பகலில் அவளுக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை. பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர், பிரிண்டர், வருகைப் பதிவு எல்லாம் அவள் பொறுப்பு. போன மாதம் ஆபீசுக்கு என்று சென்னையிலிருந்து பழைய லேப்டாப்புகளை மொத்தமாக இறக்கினார்கள். பெரிய கம்பெனிகளில் ஓடிய உறுதியான பெட்டிகள், கை வைக்கும் இடத்தில் விரல்ரேகைச் சதுரத்தோடு. அதற்கு முன்னால் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் பதிவு போட்டார்கள். லீவில் இருந்த ஒருத்தி பெயரில் வெடிப்பு விழுந்த கட்டைகள் ‘நல்லது’ என்று பாஸாகி லாரி ஏறிவிட்டன. அதற்குப் பிறகு மேனேஜர் ஜெயராஜ் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: அவரவர் பெட்டி, அவரவர் விரல். விரல் எடுக்காவிட்டால் போட வேண்டிய பின் நம்பர் அவரிடம் மட்டும்.

சொர்ணாம்பாள் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்து, இந்தப் பொங்கல் வரை ஸ்பாஞ்ச் பெஞ்சில் நின்றாள். கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சுக் குழம்பில், முக்கி எடுத்த கட்டையின் அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற இடம் அது. துடைக்காமல் விட்டால் சூளையில் வெந்ததும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நின்று நின்று அவள் காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, செக்கிங் நாற்காலி கிடைத்தது. வெந்த கட்டையைத் தட்டிப் பார்த்து, நல்லதா கழிவா என்று லேப்டாப்பில் போட வேண்டும். வேலையில் அவள் மேல் யாருக்கும் குறையில்லை. பெட்டிதான் அவளை உள்ளே விடவில்லை.

“டெய்லி நான் வந்து நம்பர் போட்டுட்டு நிக்க முடியுமா?” என்று ஜெயராஜ் புதன்கிழமை காலை கேட்டார். “வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இது உங்க வெரல ஏத்துக்கலன்னா பில்லு போடுற காவியா அங்க ஒக்காரட்டும், நீங்க பெஞ்சுக்குப் போயிடுங்க. தப்பா நெனச்சிக்காதீங்க.”

“கால் கேக்காதே சார்.”

“எனக்குத் தெரியுதும்மா. சரக்கு வாங்குற பார்ட்டிக்குத் தெரியணுமே.”

வெண்பா தான் செய்தவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். டிரைவரை மாற்றினாள். பேட்டரி மிச்சம் பிடிக்கக் கருவியைத் தூங்க வைக்கும் அமைப்பை நிறுத்தினாள். சதுரத்தில் படிந்த களிமண் தூசியைத் துடைத்தாள். செவ்வாய்க்கிழமை சொர்ணாம்பாள் சாப்பிடப் போயிருந்தபோது, கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, ரிப்பேருக்கென்று ஜெயராஜை நம்பர் போட வைத்து, அவர் போன பிறகு தன் வலது ஆள்காட்டி விரலை அவள் கணக்கிலேயே பதிந்தாள். தொட்டதும் திறந்தது. அதைப் பார்த்துத்தான் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதினாள். பழுது பெட்டியில் இருக்கிறது என்றே எண்ணியிருந்தாள். அந்த விரலை இதுவரை ஒரு தடவையும் உற்றுப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த பஸ்ஸால் சொர்ணாம்பாள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள்.

“என்னாடி, எனக்குக் காவலா?”

“நீங்க எப்பிடி வெக்கிறீங்கன்னு பாக்கணும்க்கா. நான் இல்லன்னு நெனச்சிக்கிட்டு வைங்க.”

“ரேஷன் கடையிலயும் இதே கததான். என் வெரலுக்கு அரிசி இல்லயாம். எங்க வூட்டுக்காரரு வெரலுக்குத்தான் அரிசியாம். ஒலைய வெக்கிறது ஆரு, நானா அவரா?”

சொல்லிக்கொண்டே அவள் கை மேஜை ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்ச் இருந்தது. அதை எடுத்துச் சதுரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தாள். அப்புறம் விரலை வைத்து அழுத்தினாள், கட்டையைத் தட்டில் இறக்கி வைப்பது போல. திரை ஆடிவிட்டு மறுத்தது.

“அக்கா, இப்ப என்னா பண்ணீங்க?”

“வெரல வெச்சேன்.”

“அதுக்கு முன்னால?”

சொர்ணாம்பாள் தன் கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தாள். அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “அட, அடி தொடைக்காம எதையும் வெச்சுப் பழக்கமில்லடி.”

ஈரம் பட்டால் இந்தக் கருவி எடுக்காது. சரி, ஒரு காரணம் கிடைத்தது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். அப்போதும் எடுக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டச் சொன்னாள். ஆள்காட்டி, நடுவிரல், கட்டைவிரல் மூன்றிலும் நுனிகள் வழவழவென்று, கோடே இல்லாமல் இருந்தன.

“இதுல தொட்டா தெரியுதாக்கா?”

“மரத்துப் போயி எத்தினியோ வருசமாவுது. டீ கிளாஸு சூடு தெரியாது. எங்க வூட்டுல கொதிக்கக் கொதிக்க இட்லி எடுக்கணும்னா என்னத்தான் கூப்புடுவாங்க.”

விரல் சதுரத்தில் பட்டதா இல்லையா என்றே அவளுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அப்படி அழுத்துகிறாள். மரத்துப்போனது என்றைக்காவது திரும்பி வருமா என்று வெண்பாவுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குப் பதிலாக மேஜையிலிருந்த ஒரு கட்டையை எடுத்து நீட்டி, “பெஞ்சுல எப்பிடிப் புடிப்பீங்க? காட்டுங்க” என்றாள்.

சொர்ணாம்பாள் பிடித்துக் காட்டினாள். மூன்று விரல்கள் ஸ்பாஞ்சோடு கட்டையைச் சுற்றின. சுண்டு விரல் மட்டும் தனியாக மேலே நின்றது, கிளேஸில் பட்டுவிடாமல். வெண்பா அந்த விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். மெலிசாகக் கோடுகள் இருந்தன.

ஜெயராஜ் வந்து பின் நம்பரைப் போட்டுவிட்டுப் போனார். எடு, வை, எடு, வை என்று பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. பாதியில் நின்று, முதலிலிருந்து ஆரம்பித்து, ஜெயராஜை மறுபடி கூப்பிட்டு, ஒருவழியாக வலது சுண்டு விரல் ஏறிற்று.

“இதுல தெரியுதுடி” என்றாள் சொர்ணாம்பாள் ஆச்சரியத்தோடு. “சில்லுன்னு இருக்குது.”

ஆனாலும் வைக்கிற ஒவ்வொரு தடவையும் திறக்கவில்லை. திறந்தது, மறுத்தது, மறுத்தது, திறந்தது.

“உன் வெரலு உள்ளார இருக்குதுன்னியே, அது இன்னும் இருக்குதா?”

“இருக்குதுக்கா. எடுக்கணும். ஆனா என்னோடத மட்டும் தனியா எடுக்க முடியாது. எடுத்தா எல்லாம் போயிடும், உங்களோடதும் சேத்து.”

“அப்ப ஏன் எடுக்குற? கெடந்துட்டுப் போவட்டும். என்னோடது அடம் புடிக்கிற அன்னிக்கு நீ வந்து ஒரு தொடு தொட்டுட்டுப் போ. ஆருக்குத் தெரியப் போவுது?”

வெண்பா சதுரத்தை இன்னொரு தடவை உலர்ந்த துணியால் துடைத்தாள். அன்று மாலை வகுப்பில் சுண்டு விரலைப் பற்றி எழுதினாள். தன் விரல் இன்னும் அங்கே இருப்பதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெயராஜ் வந்து நின்றார். காவியா பில் கட்டோடு பின்னாலேயே வந்தாள்.

“எங்க, வைங்க பாப்போம்.”

சொர்ணாம்பாளின் கை கிண்ணத்தைத் தேடிப் போயிற்று. வெண்பா கிண்ணத்தை நகர்த்தினாள். அடுத்து ஆள்காட்டி விரல் நீண்டது. வெண்பா இருமினாள். சுண்டு விரல் வந்தது. பெட்டி மறுத்தது. மறுபடி மறுத்தது. சொர்ணாம்பாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குழந்தையின் நெற்றியில் பொட்டு வைப்பது போல மெதுவாக வைத்தாள். திறந்தது.

“சுண்டு வெரலா? என்னாம்மா கூத்து இது” என்று ஜெயராஜ் சிரித்தார். பிறகு பெட்டியைப் பூட்டித் தன் விரலை வைத்துப் பார்த்தார். மறுத்தது. காவியாவை வைக்கச் சொன்னார். மறுத்தது. திருப்தியோடு தலையாட்டிவிட்டு, “நீயும் வெச்சிக் காட்டிடும்மா” என்றார்.

வெண்பா தன் கையைப் பார்த்தாள். எந்த விரலை வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வேறு எதை வைத்தாலும் பெட்டி மறுக்கும், அவர் போய்விடுவார், சொர்ணாம்பாள் உட்கார்ந்திருப்பாள். சொர்ணாம்பாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்பா வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. திறந்தது.

ஜெயராஜ் குனிந்து திரையைப் பார்த்தார்.

“இது ஆரு பேருல இருக்குது?” என்றார் ஜெயராஜ்.

“அக்கா பேருல சார். செவ்வாக்கெழம சோதிச்சுப் பாக்க வெச்சேன். எடுக்கல.”

“மறந்துட்டியா, விட்டுட்டியா?”

“மொதல்ல மறந்துட்டேன். அப்புறம் விட்டுட்டேன்.”

“லீவுல இருந்தவ பேருல சரக்கு போச்சின்னுதான இவ்ளோ பாடு படுறோம்? நீயே இப்பிடிப் பண்ணா?” அவர் குரல் உயரவில்லை. இறங்கித்தான் இருந்தது. “நாளைக்குக் காலையில என் கண்ணு முன்னால எல்லாத்தயும் அழி. அந்தம்மா வெரல மட்டும் ஏத்து. தெறந்தா ஒக்காரட்டும். இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.” காவியாவைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், எனக்கு பில்லு வேலையே தலைக்கு மேல கெடக்குது” என்றாள் காவியா, பில் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

வேலை முடிந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். கோவிலில் மாசி மகத்துக்குக் கொடி ஏறியிருந்ததால் எங்கு பார்த்தாலும் கூட்டம். சொர்ணாம்பாள் காலைத் தாங்கித் தாங்கி முன்னால் நடந்தாள். பெண்ணாடம் பஸ்ஸின் படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினாள்.

“ஒம்போது வெரலு சும்மா இருந்துச்சே. ஏன்டி அதப் போயி வெச்ச?”

“தெரியலக்கா.”

“தெரியலயாம்.” பஸ் உறுமிற்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், சுண்டு விரல் மட்டும் ஒட்டாமல். “நாளைக்கு அந்தக் கிண்ணத்த எடுத்து ஒளிச்சி வெய்யி. என் கை சொன்ன பேச்சு கேக்காது. போயிட்டு வரேன்.”

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெண்பா நோட்டை விரித்தாள். ஆள்காட்டி விரலில் அந்தச் சில்லிப்பு இன்னும் இருப்பது போலிருந்தது. அது பயமா என்று யோசித்தாள். இருக்கலாம்.

7.3.2025, வெள்ளி

இன்றைய தவறு: சோதனைக்கு வைத்த என் விரலை நீக்காமல் விட்டேன். நேற்று அதை இங்கே எழுதாமலும் விட்டேன்.

நாளை செய்ய வேண்டியது: ஸ்பாஞ்ச் கிண்ணத்தை மேஜையிலிருந்து எடுப்பது. சதுரத்தை உலர்ந்த துணியால் துடைப்பது. பதிந்த விரல்கள் எல்லாவற்றையும் நீக்குவது. ஜெயராஜ் சார் பின் நம்பர் போட்டதும், சொர்ணாம்பாள் அக்காவின் வலது சுண்டு விரலை மட்டும் பதிவது. சோதிப்பதும் அந்த விரலாலேயே.