இருநூற்றுப் பத்து கிராம்

எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்குப் பட்டறையில் சல்லடை என்று பெயர். எதைக் கண்டாலும் துளை போடச் சொல்வார். பெடலில் துளை, இருக்கையின் அடித்தகட்டில் துளை, கதவுப் பிடியில் துளை. துளை போட்டால் எடை குறையும்.

"வீட்டு டம்ளர்லயும் துளை போட்டிருப்பாரு. அதான் டீ குடிக்க இங்க ஓடி வர்றாரு" என்பார் பெயிண்டர் அக்கா.

எங்கள் வண்டி சின்னது. மின்சாரத்தில் ஓடுவது. இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் இரண்டு பை வைக்கலாம். வேலைக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய் வர. புகை இல்லை, சத்தம் இல்லை. பெயிண்டர் அக்கா அதை சோப்பு டப்பா என்பார். என் மனைவிக்குக் கோபம் வரும். சோப்பு டப்பாவில் சக்கரம் வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்பாள்.

மொத்த எடை நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சட்டப்படி அது பெரிய கார். சின்ன மோட்டாரும் சின்ன பேட்டரியும் அங்கே செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியிலிருந்து எதையாவது எடுத்தால் அதை எடை போட்டு, ஒரு அட்டையில் எடை, தேதி, ஊழியர் எண் மூன்றையும் எழுதி, பின்சுவரில் மாட்ட வேண்டும். மாட்டும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். சுவரின் உச்சியில் சல்லடை ஒரு வாசகம் எழுத வைத்திருந்தார்: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.

எடைக்குப் பொறுப்பு என் மனைவி. சுவரில் பாதிக்கு மேல் அவள் அட்டைகள்தான். எதைக் கழற்றினாலும் அதன் போல்ட்டையும் நட்டையும் சேர்த்தே எடை போடுவாள். "உறுப்பு வெளிய போனா போல்ட் மட்டும் உள்ள இருந்து என்ன பண்ணும்?" என்பாள். சல்லடை அப்படியில்லை. போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உறுப்பை மட்டும் தராசில் வைப்பார். இதற்காக அவரோடு அவள் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, தினசரிச் சோதனைக்காக வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பதினான்கு கிலோமீட்டர். மூன்றாவது திருப்பத்தில் ஒரு வேன் வலப் பக்கக் கதவில் இடித்தது. வேகமாகக்கூட வரவில்லை. வேன்காரர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மெதுவாத்தான் சார் வந்தேன், மெதுவாத்தான் வந்தேன்."

அவர் சொன்னது உண்மை. கதவுக்குள் ஒரு இரும்புக் குழாய் உண்டு. பக்கவாட்டில் அடி விழுந்தால் தாங்குவதற்கு. அது இருந்திருந்தால் கை முறிந்திருக்கும். அவ்வளவுதான். அன்று அது இல்லை.

ஆஸ்பத்திரி நடையில் சல்லடை என் தோளைத் தொட்டார். கீழே விழுந்த தன் போனைக் குனிந்து எடுத்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட் விழுந்து உருண்டது. மஞ்சள் முலாம் பூசிய தடித்த போல்ட். நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார்.

அவள் இறந்த ஏழாம் நாள் பட்டறைக்குப் போனேன். பின்சுவரில் அந்தக் குழாய் தொங்கியது. அட்டையில் விபத்துக்கு முந்தைய நாள் தேதி. அவள் ஊழியர் எண். எடை 2,640 கிராம்.

குழாய் மட்டும் 2,640. நான்கு போல்ட், நட்டு, வாஷர் சேர்த்தால் 2,850. அவள் 2,640 என்று எழுதியிருக்க மாட்டாள். செத்தாலும் எழுதியிருக்க மாட்டாள்.

விபத்துக்கு முந்தைய நாள் வெளியார் முன்னால் எடை காட்ட வேண்டியிருந்தது. இரண்டரை கிலோ அதிகம். சல்லடை குழாயைக் கழற்றிவிட்டு எடை காட்டியிருக்கிறார். பிறகு மாட்டவில்லை.

நிறுவனத்தின் விசாரணையில் இதைச் சொன்னேன். விசாரித்தவர் பொறுமையாகக் கேட்டார். "போல்ட்டு கணக்க வச்சு ஒரு பெரிய மனுஷர் மேல பழி போட முடியுமா தம்பி? நீங்க இப்ப இருக்கிற மனநிலை எங்களுக்குப் புரியுது." எடைப் பொறுப்பாளர் சோதனைக்காகக் குழாயைக் கழற்றிவிட்டு மறந்துவிட்டார் என்று எழுதி மூடினார்கள்.

மாமனார் அதை நம்பினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டி எடுக்கும் முன் சக்கரத்தை உதைத்துப் பார்க்காத நாள் கிடையாது. "என் பொண்ணு அவசரக்குடுக்கை, மாப்பிள்ளை. சின்ன வயசுலயே செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு ஓடுவா. தன் தலையில தானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டா." இதைச் சொல்லிவிட்டு அழுவார். ஒவ்வொரு ஞாயிறும் வந்து சொல்லி அழுவார். செத்தவள்மேல் அவருக்குக் கோபம். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த அட்டையில் இருக்கும் எண் மாற வேண்டும். மாற்றுவது சல்லடையின் கையாகவே இருக்க வேண்டும்.

அவள் வேலை எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன். சல்லடைக்கு தினமும் வணக்கம் சொன்னேன். "பரவாயில்லப்பா, நீ மனசு தேறிட்ட" என்றார். ஆமாம் சார் என்றேன்.

முதல் மாதம் அவள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் கிடைத்தது. ஓட்டுநர் இருக்கை. தகடு இல்லாமல், வளைத்த மெல்லிய குழாயில் பட்டை நாடா பின்னியது. பழைய இருக்கையைவிட மூன்று கிலோ நூறு கிராம் குறைவு என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அந்த இருக்கை இருந்தால் குழாயோடேயே வண்டி நானூறுக்குக் கீழே வரும். விடுமுறை நாட்களில் தனியாகச் செய்தேன். கணக்கு சரியாக இருந்தது. துணி சுற்றி என் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வண்டி கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால்தான் அவர் மறுபடி அதே கதவைத் திறப்பார்.

ஆனால் விபத்துக்குப் பிறகு செய்த புது வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அதனால் காலையில் முதல் ஆளாக வந்து கதவை விரல் முட்டியால் தட்டுவேன். குழாய் இருந்தால் சத்தம் மொத்தையாக வரும். இல்லையென்றால் தகரம் போல் வரும். ஐந்து மாதம், ஒரு நாள் விடாமல் தட்டினேன்.

மோதல் சோதனைகள் வேறொரு வண்டியில் முடிந்தன. குழாயோடு. கடைசியாக அதிகாரபூர்வ எடை. சோதனை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சொந்தப் பேனா. அவர்கள் தராசு பத்து கிராம் வரை காட்டும்.

காலை பத்து மணி. 402.35.

"ரெண்டு கிலோ முன்னூத்தம்பது அதிகம்" என்றார் அந்த அம்மா. "மூணு மணிக்கு மறுபடி போடலாம். எதை எடுத்தாலும் அட்டை கட்டி இந்த மேசையில வைங்க. கூட்டினா சரியா வரணும். வரலேன்னா அடுத்த வருஷம்தான்."

சல்லடை என்னை ஓரமாக இழுத்தார். வேர்த்திருந்தது.

"என்னப்பா இப்படிக் கவுத்துட்ட? எங்கயாவது ரெண்டரை கிலோ இருக்காதா?"

"எல்லாத்துலயும்தான் துளை போட்டாச்சே சார்."

"யோசி, யோசி."

"எனக்குத் தெரிஞ்சு கதவுக்குள்ள இருக்கிறது ஒண்ணுதான் சார். அதை எப்படிக் கழட்டுறதுன்னுகூட எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்னு விசாரணையில நீங்களே சொன்னீங்க."

என் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் இருந்திருக்காது. எட்டு மாதமாக இல்லை.

"சரி, எல்லாரும் போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனேன். பெயிண்டர் அக்கா கேட்டார், "ஏன் தம்பி தட்டுல கோலம் போட்டுட்டு இருக்க? சாப்பிடு." சாப்பிட்டேன். எட்டு மாதத்தில் அன்றுதான் பசித்தது.

மூன்று மணிக்கு மேசையில் குழாய் இருந்தது. அட்டையில், 'கூடுதல் குழாய், சோதனைக்காகப் போட்டது. 2,640 கிராம்.' கீழே என் ஊழியர் எண். கையெழுத்து மட்டும் என்னுடையது இல்லை.

வண்டியைத் தராசில் ஏற்றினார்கள். 399.50. யாரோ கை தட்டினார்கள்.

அந்த அம்மா கை தட்டவில்லை. பேனாவால் கழித்துப் பார்த்தார். இன்னொரு முறை கழித்தார்.

"402.35ல 2.64 போனா 399.71 வரணும். தராசு 399.50 காட்டுது. இருநூத்திப் பத்து கிராம் எங்க?"

"தராசுக்கு ஏதாவது கோளாறா இருக்கும் மேடம்" என்றார் சல்லடை.

"என் தராசுக்குக் கோளாறு இல்ல. அட்டையில இருக்கிற நம்பர் யாருது?"

"என்னுது மேடம்" என்றேன். "ஆனா நான் கழட்டல. பன்னெண்டரையிலேர்ந்து மூணு வரைக்கும் நாங்க எட்டு பேரும் சாப்பாட்டுக் கூடத்துல இருந்தோம். இந்தக் குழாய நாலு போல்ட் பிடிச்சிருக்கும். நட்டு, வாஷரோட சேர்த்து இருநூத்திப் பத்து கிராம். இது கூடுதல் குழாய் இல்ல. கதவுப் பாதுகாப்புக் குழாய். கழட்டினவர் போல்ட்ட சட்டைப் பையில போட்டுக்குவாரு. எப்பவும் அப்படித்தான். போன தடவையும் அப்படித்தான்."

எல்லார் கண்ணும் சல்லடையின் சட்டைப் பைக்குப் போனது. பை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் கை தானாக அதை மூடியது.

"மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல. நான்தான் சார் பெயிண்ட் அடிச்சேன்" என்றார் பெயிண்டர் அக்கா. "எடுத்து வைங்க."

வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, நட்டும் வாஷரும் கோத்தபடி. மஞ்சள் முலாம். அந்த அம்மா அவற்றைக் குழாயோடு சின்னத் தராசில் வைத்தார். 2,850.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவைன்னா?"

நான் பின்சுவருக்குப் போய்ப் பழைய அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே 2,640. ஒரே கையெழுத்து. நான்கை மட்டும் முக்கோணமாகப் போடும் பழக்கம். ஒன்றின் கீழ் அவள் எண், மற்றதன் கீழ் என் எண்.

சல்லடை என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது.

"மறந்துட்டேம்பா. சத்தியமா மறந்துட்டேன். காலையில வந்து மாட்டிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவ எடுத்துட்டுப் போயிட்டா. நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"மறந்ததுக்கு இல்ல சார்" என்றேன். "அதுக்கப்புறம் ஞாபகமா அவ நம்பர எழுதினீங்களே. அதுக்கு."

புது அட்டை ஒன்றை அவர் முன் வைத்தேன். பேனா கொடுத்தேன். எழுதச் சொன்னேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். விபத்துக்கு முந்தைய நாள் தேதி. 2,850 கிராம். அவருடைய ஊழியர் எண். மூன்றையும் எழுதக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நான் நின்று பார்த்தேன். அவசரப்படுத்தவில்லை.

பிறகு குழாயை மாட்டினேன். அலமாரியைத் திறந்து இருக்கையை எடுத்து வந்தேன். பழையதைக் கழற்றி, போல்ட்டோடு எடை போட்டு, அட்டை கட்டி மேசையில் வைத்தேன்; புதியதையும் எடை போட்டு மாட்டினேன். நான்கரை மணி ஆகியிருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று அந்த அம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

399.25.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். அவரிடம் சல்லடை எழுதிய அட்டையைக் கொடுத்தேன். விசாரணையை மறுபடி திறந்திருக்கிறார்கள், போலீசும் வந்தது, சல்லடை இனி வர மாட்டார் என்று சொன்னேன். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். கிட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"அப்ப என் பொண்ணு மறக்கல."

"மறக்கல மாமா."

"எட்டு மாசமா அவளத் திட்டினேனே மாப்பிள்ளை."

இருக்கையைப் பற்றியும் சொன்னேன். அவள் படம், நான் செய்தது, பூட்டி வைத்தது. பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு மாசமா உள்ள வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"அந்த அஞ்சு மாசமும் வண்டிய யார் ஓட்டினா?"

"சோதனை ஓட்டுநர். நான் தினமும் கதவத் தட்டிப் பாத்தேன் மாமா."

"நீங்க தட்டிட்டுப் போனப்புறம் அந்தாளு கழட்டியிருந்தா?"

அந்த ஓட்டுநருக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருக்கையைப் பூட்டி வைத்திருந்தேன்.

மாமனார் அட்டையை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பைப் போட்டார். பட்டறையிலிருந்து நான் எடுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான்கு சக்கரத்தையும் உதைத்தார். வலது கதவை மூன்று முறை தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"என்னை பஸ் ஸ்டாண்டுல விடுங்க" என்றார்.

நான் வலப் பக்கம் ஏறினேன். அவள் இருக்கை என்னைத் தாங்கியது. வழி முழுக்க அவர் கை, அட்டை இருந்த சட்டைப் பையின் மேலேயே இருந்தது.