பிழைத்தவர் கொடுத்த மாத்திரை

பூமிநாதன் மச்சான் எமன் வாசல்வரை போய்த் திரும்பியவர். கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தவரை ஸ்டீராய்டு மருந்துதான் எழுப்பி உட்கார வைத்தது. எங்கள் ஊரான சிக்கலுக்குத் திரும்பிய மனிதர் சும்மா இருந்தாரா? மீதி மாத்திரைகளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அதன் புகழைப் பாடினார்.

பிறகு என் அக்கா நாகஜோதிக்குக் காய்ச்சல் கண்டது. மச்சான் அன்றைக்கே அந்த மாத்திரையைக் கொடுத்தார். காய்ச்சல் சட்டென்று விட்டது. அக்காவும் தலைக்கு ஊற்றிக்கொண்டு மிளகாய்க் களத்துக்கு வந்துவிட்டாள். வந்தவள் இருமினாள். வத்தல் காய்கிற நெடியில் இருமாதவர் யார்? பக்கத்தில் நானும்தான் இருமிக்கொண்டிருந்தேன். சாக்கைப் பிடிக்கக் குனிந்தவள் மூச்சு வாங்க முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் வண்டி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் அவளைப் பொட்டலமாகத்தான் கொடுத்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் என்னிடம் மட்டும் விளக்கினார். கிருமியை எதிர்க்கிற உடம்பு சிலருக்குச் சில நாள் கழித்து எல்லை மீறிக் கொதித்து, தன் நுரையீரலையே புண்ணாக்கிவிடுமாம். அந்தக் கொதிப்பை அடக்கத்தான் இந்த மருந்து. காய்ச்சல் தொடங்கியதுமே கொடுத்தால், சண்டை போடுகிற உடம்பின் கையைக் கட்டிப் போட்டதாகிவிடும். நோயும் வெளியே தெரியாது. அதனால்தான் இறந்தார் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மச்சானிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே பாதி செத்துக் கிடந்தார்.

கருமாதி முடியவில்லை, அவர் மகளுக்கு உடம்பு சுட்டது. மச்சான் எழுந்து போய் அதே மாத்திரை அட்டையை எடுத்தார்.

“ஒங்க அக்காளுக்குப் பத்தாமப் போச்சு மாப்ள. இவளுக்குக் கூடக் குடுப்போம்.”

பாழாய்ப்போன அந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். டாக்டர் சொன்னது முழுவதையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

பிள்ளையைக் கடலாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வெறும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, மூச்சு வாங்கினால் உடனே வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் தகப்பனுக்கு முன்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். மச்சான் இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

“நீ குடு மாப்ள,” என்றார். “என் கை வேணாம்.”