இறால் தரையும் சாம்பல் குழியும்

விடிந்தபோது மேட்டின் விளிம்பு இன்னும் ஒரு முழம் சரிந்திருந்தது. மேட்டின்மேல், பண்டைய ரோமானியச் செல்வர் ஒருவர் கடல் பார்த்துக் கட்டிய மாளிகை. அதே கடல் குளிர்காலம்தோறும் அதைத் தின்றுகொண்டிருந்தது. மிஞ்சியவை இரண்டு அறைகள். ஒன்றில் சிங்கி இறால் உருவம் பதித்த மொசைக் தரை. ஊர்க் கால்பந்து அணியின் சட்டையிலும் அந்த இறால்தான். மற்றது சமையலறை. அடுப்படியில் யாரும் தோண்டாத சாம்பல் குழி.

மறுநாள் புயல் என்றார்கள். அகழாய்வாளர் முனைவர் ஃபுல்வியாவின் கையில் ஒரு பகலும் நான்கு ஆட்களும்தான் இருந்தன.

கொத்தனார் எர்மெத்தே மொசைக்கை ஒட்டிப் பெயர்த்தெடுக்கப் பசையும் துணியுமாக வந்து நின்றார். "இறாலைத்தானே தூக்குறோம், டாக்டரம்மா?"

"இல்ல. குழியத் தோண்டுறோம்."

"சாம்பலையா? வெளையாடுறீங்களா? எங்கப்பா கல்யாண போட்டோவே அந்த இறால் பக்கத்துல நின்னு எடுத்தது."

"அத நூறு தடவ வரைஞ்சாச்சு, போட்டோ எடுத்தாச்சு. குழிக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஊர்ல உங்களுக்கு ஒரு காபி கெடைக்காது, பாத்துக்குங்க."

"வீட்லயே போட்டுக் குடிச்சுக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் மண்வெட்டியை எடுத்தார். இருட்டுவதற்குள் அறுபத்திரண்டு மூட்டை அள்ளினார்கள்.

மறுநாள் பிற்பகல் இறால் அறை அப்படியே கடலுக்குள் இறங்கியது. பெரிய சத்தமில்லை. ஃபுல்வியா நேரத்தைக் குறித்தாள். எழுத்து கோணலாக வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

நகராட்சி அவள்மேல் தொல்லியல் துறைக்குப் புகார் அனுப்பியது. காபிக் கடைக்காரர் இவானோ அவளைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு கோப்பை கழுவினார்.

சாம்பலைச் சலிக்கப் பதினொரு மாதமாயிற்று. மத்தி முள், கருகிய கொண்டைக்கடலை, பீச் கொட்டை. கடைசி மூட்டைகளில் ஒன்றில் ஒரு பால்பல்.

ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுக்கை அடைக்க வந்த எர்மெத்தே அவள் மேசையருகே நின்றார். "இதுக்காகவா?"

"இதுவும்தான். அடுப்படியில ஒரு கொழந்த இருந்திருக்கு. அது எந்தக் கணக்குலயும் இல்ல."

அவர் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பையனா, பொண்ணா?"

"இப்போதைக்குத் தெரியல."

"எங்களுக்கு இன்னும் கோவம் தீரல, டாக்டரம்மா."

"தெரியும்."

பல்லைப் பஞ்சில் திரும்ப வைத்து, டப்பாவை மூடிவிட்டு, அவர் ஏணியை நிமிர்த்தினார்.