மெனாஷே அறுத்த கடைசிக் கோழி

எங்களுக்குக் கோழி அறுக்க ஓர் ஆள் வேண்டும். சும்மா ஆள் இல்லை. கத்தியின் விளிம்பை நகத்தில் ஓட்டிப் பார்த்து, ஆசி சொல்லி, ஒரே இழுப்பில் முடிக்கக் கற்ற யூத ஆள். ரங்கூனில் அப்படி மிச்சமிருந்தவர் மெனாஷே அண்ணன் ஒருவர்தான். அவரும் திங்கட்கிழமை விமானத்தில் சிட்னிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார். அதற்கப்புறம் ஹபீபாவாகிய எனக்குச் சாகிற வரைக்கும் மீனும் முட்டையும்தான்.

போகட்டும், கோழி தின்னாமல் யாரும் செத்ததில்லை. என் கவலை வேறு. சனிக்கிழமை மத்தியானம் என் மேஜையில் எனக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு நாலு வருஷமாகிறது. என் தம்பி ரூபேன் பெண்டாட்டி பிள்ளைகளோடு சிட்னிக்குக் கப்பலேறிய நாளிலிருந்து இப்படித்தான். விசாக் காகிதம் அனுப்புகிறேன், நீயும் வந்துவிடு என்றான். இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறான், மகராசன்.

ஒரே ஒரு சனிக்கிழமையாவது ஆளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று, வியாழக்கிழமை ஜெபக்கூடத்து முற்றத்தில் மெனாஷே அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணே, சனிக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

"அன்னிக்கு ஓய்வுநாள், வண்டியில ஏறக்கூடாது. அவ்வளவு தூரம் நடக்கணுமே, முட்டி கேக்காதும்மா."

"பத்து நிமிஷ நடை ஒரு தூரமா? ஹமீன் சோறு வைக்கிறேன் அண்ணே."

"கோழி போட்டா?"

"பின்ன, கொக்கு போட்டா?"

"அப்ப முட்டி கேக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவரே அறுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இறகு பிடுங்கி, வயிற்றைக் கிழித்து, இரைப்பையைக் கையில் எடுத்தபோது ஏதோ குத்தியது. ஊசி. குப்பையில் எதையோ கொத்தும்போது விழுங்கித் தொலைத்திருக்கிறது சனியன். ஊசி உள்ளேயே கிடந்தால் பாதகமில்லை. சதையைத் துளைத்து வெளிப்பக்கம் ரத்தப் பொட்டு வைத்திருந்தால் அந்தக் கோழி எங்களுக்கு ஆகாது. ஜன்னலோரம் போய்த் திருப்பிப் பார்த்தேன். கடுகளவு பொட்டு, கறுப்பாக உறைந்திருந்தது.

சந்தேகம் வந்தால் அறுத்தவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இரைப்பையைத் தாளில் சுற்றிக்கொண்டு செருப்புகூட மாட்டிவிட்டேன். படியிறங்கும்போது புத்தி வேறு கணக்குப் போட்டது. அவர் ஆகாது என்பார். கோழி போய்விடும். கோழி போனால் முட்டி கேட்காது. நான் மறுபடி தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் தின்ன வேண்டும். திரும்பி வந்து, இரைப்பையைக் காக்கைக்கு எறிந்தேன். ஊறவைத்து, உப்புத் தடவி, கழுவி, அரிசி தக்காளி ஏலக்காயோடு செம்புப் பானையில் போட்டேன். மேலே ஆறு முட்டை. ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், சூரியன் விழுவதற்குள் கரியடுப்பில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். விடிய விடிய வெந்தால் அதுதான் ஹமீன்.

மறுநாள் மத்தியானம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். திராட்சைரசக் கிண்ணத்தைப் பிடித்து ஆசி சொன்னார். பானையைத் திறந்ததும் அந்த வாசனை வீடு முழுக்க ஏறியது. மனுஷர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பேசினார், சிரித்தார், எங்கள் அம்மா தெருவுக்கே கேட்கக் கத்துவதை நடித்துக் காட்டினார். நாலு வருஷம் ஏங்கியது எதிரே உட்கார்ந்திருக்கிறது. எனக்கோ ஒரு பருக்கை இறங்கவில்லை. அடுத்தவருக்குப் பரிமாற மனசு வந்தது, என் வாயில் வைக்க வரவில்லை. இதைவிடக் கேவலம் உண்டா?

"என்ன நீ வெறும் வெள்ளரிக்காயக் கடிச்சுக்கிட்டிருக்க?"

"பல்லு வலி அண்ணே."

"பல்லு வலிக்காரி வெள்ளரிக்காயக் கடிப்பாளா?" என்று சிரித்தபடி இரும்புக் கரண்டியால் பானையின் அடிக்காந்தலைச் சுரண்டினார்.

அந்தக் காந்தலுக்குத்தான் சின்ன வயசில் நாங்கள் ஆறு பேரும் அடித்துக்கொள்வோம். ஒருமுறை ரூபேன் என் பங்கைத் தூக்கிக்கொண்டு ஓட, துரத்திப்போய் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. தெருவுக்கே தெரிந்த கதை.

"இந்தா, முழுசும் உனக்குத்தான். இன்னிக்கு யார் கையையும் கடிக்க வேண்டாம்" என்று என் தட்டில் வைத்தார்.

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். "ஆகாத கோழி அண்ணே. ஊசி இருந்துச்சு."

அவர் கை நின்றது. "ரத்தப் பொட்டு?"

"இருந்துச்சு."

"எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையில."

எழுந்து போய் வாய் கொப்பளித்தார். மறுபடி மறுபடி கொப்பளித்தார். "எழுபத்தொரு வருஷமா ஆகாதது நாக்குல பட்டதில்ல, ஹபீபா" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு பர்மாக்காரி டோ சீனுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அவர் முகத்தில் இனி எப்படி முழிப்பது? முழிக்க அவர்தான் இருக்கப்போகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசலில் சைக்கிள் ரிக்ஷா நின்றது. ஜெபக்கூடத்து அண்டாவோடு மெனாஷே அண்ணன் இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பானை, கரண்டி, தட்டு எல்லாத்தையும் கொண்டா. ஆகாதது பட்ட பானையில நீ நாளைக்கு எதச் சமைப்ப? நான் போயிட்டா இத யாரு செஞ்சு தருவா?"

பீங்கான் தட்டுகளைத் தள்ளி வைத்தார். "பீங்கான் போனது போனதுதான். யாருக்காவது குடுத்துரு." கொல்லையில் அண்டாவை ஏற்றித் தண்ணீர் கொதிக்கவிட்டு, கரண்டிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார். பானையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கொதிக்க வைத்து, நெருப்பில் பழுத்த செங்கல்லை இடுக்கியால் உள்ளே போட்டார். தண்ணீர் சீறிப் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. நான் விறகு தள்ளினேன். இப்படியே இரண்டு மணி நேரம் போனது.

கை துடைக்கும்போது கேட்டுவிட்டேன். "கோபமா அண்ணே?"

"கோபந்தான்."

"நான் வந்து சொல்லியிருந்தா, கோழி இல்லாம வந்திருப்பீங்களா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அடி பைத்தியக்காரி. வேற எங்க போவேன்? என் பொண்டாட்டி போய் ஏழு வருஷமாச்சு. சனிக்கிழமை மத்தியானம் ஆறிப்போன முட்டைய உரிச்சு வச்சுக்கிட்டு, யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு கதவத் தொறந்து போட்டு உக்காந்திருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"தனியா இருக்கற பொம்பள வீட்டுல வந்து எனக்குச் சோறு போடுன்னு எப்படிக் கேப்பேன்? நீ கூப்பிட்டிருக்கலாம்ல?"

ரிக்ஷாக்காரன் மணியடித்தான். அண்டாவைத் தூக்கி வைக்கக் கை கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன்.