தியானத்தில் பெரியவர்

அன்னவாசலில் அழகுமலை கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், "யார் வீட்டுலப்பா?" என்று கேட்பார்கள். யார் வீட்டில் கல்யாணம் என்று அல்ல, யார் வீட்டில் எழவு என்று. இறந்தவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார்த்தி, சுற்றிலும் பிள்ளைகள் நிற்கப் படம் எடுத்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. உடம்பு சாயாமல் துண்டால் நாற்காலியோடு கட்டுவான், மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்துவான், கட்டுத் தெரியாமல் மாலையை இழுத்துவிடுவான். படம் அத்தனை துல்லியமாக விழும். ஆனால் உயிரோடிருக்கிற ஒருவரும் அவன் முன்னால் உட்கார மாட்டார்கள். கல்யாணத்துக்குப் புதுக்கோட்டையிலிருந்து வேறு ஆள் வருவான். அழகுமலைக்கு ஊர் வைத்த பேர் 'எழவுப்படம்'.

அதற்காக மூலையில் முடங்குகிற ஆளா அவன்? ஐம்பத்தேழாம் வருசம், பட்டணத்தில் தபால் வழியாகப் படக்கலை சொல்லித்தரும் ஒரு கழகத்தில் சேர்ந்துவிட்டான். ஒரு பாடம் வரும். அதன்படி படம் எடுத்து அனுப்பித் தேறினால்தான் அடுத்த பாடம். தூரக்காட்சிக்குச் சித்தன்னவாசல் குன்றை எடுத்தான். வெளிச்சப் பாடத்துக்குக் கொடியில் வெள்ளை வேட்டியை விரித்து, அதில் பட்டுத் திரும்பும் வெயிலில் ஒரு பூசணிக்காயை எடுத்து 'மிக நன்று' வாங்கினான்.

"சர்டிபிகேட் மட்டும் கைக்கு வரட்டும். கடைத்தெருவுல ஸ்டூடியோ போர்டு மாட்டுறேனா இல்லியா பாரு. பொண்ணும் மாப்பிள்ளையும் வரிசையில நிப்பாக" என்று மனைவி செவந்தியிடம் மீசையை முறுக்கினான்.

"நிப்பாக, நிப்பாக. மொதல்ல பூசணிக்காய எடுங்க, கொழம்பு வைக்கணும்" என்றாள் அவள்.

கடைசிப் பாடம் வந்தது. வந்ததே வினை. 'உயிருள்ள மனித முகம், இயல்பான சிரிப்புடன்.' தை முடிவதற்குள் அனுப்பாவிட்டால் சேர்க்கை ரத்து. அதுவரை படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். செவந்தியைக் கேட்கலாமென்றால், கல்யாணமான நாளிலிருந்து கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் போய்விடுகிறவள் அவள்.

பள்ளிக்கூட வாத்தியார் மரியசெல்வம்தான் துணிந்தார். "சகுனமாவது மண்ணாவது! எடுப்பா" என்று வந்து ஜம்மென்று உட்கார்ந்தார். அழகுமலை ஒரு வார்த்தை பேசவில்லை. மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்தினான். கைகளைத் தூக்கித் தொடைமேல் வைத்தான். பின்னால் போனான். பாழாய்ப்போன பழக்கம்! துண்டை அவர் நெஞ்சைச் சுற்றி இழுத்து நாற்காலியோடு முடிச்சுப் போட்டுவிட்டான்.

"அடப்பாவி, நான் இன்னும் சாகலடா!" என்று வாத்தியார் எழுந்து ஓடினார். நாற்காலியும் வாசல்வரை கூடவே போனது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அழகுமலைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்போது வந்தது அந்தக் குறுக்குப்புத்தி. முந்தின மாதம் காலமான ஆண்டிச்சாமியின் படத்தில் சுற்றி நின்றவர்களை வெட்டிவிட்டு, அவரை மட்டும் தனியாக அச்சுப் போட்டான். தலையில் உருமால், நெற்றியில் பட்டை, மூடிய கண். பின்பக்கம் 'தியானத்தில் பெரியவர்' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

"இது தப்புங்க. அவரு மகன் கேட்டா என்ன சொல்லுவீக?" என்றாள் செவந்தி.

"மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பட்டணத்துக்காரனுக்கு என்ன தெரியப்போகுது?"

பதில் வந்த அன்று அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது மனசு மாறி வந்தாலும் வருவார்கள் என்று அவன் தினமும் நிறுத்திவைக்கிற கேமரா, எதிரே அதன் மூன்றுகால் தாங்கியில் நின்றது. உறையைக் கிழித்து உரக்கப் படித்தான்.

"வெளிச்சம் சிறப்பு. பெரியவர் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்கும் பொறுமை பாராட்டத்தக்கது. ஆயினும் முகத்தில் களை இல்லை. அவரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்து, சிரிக்க வைத்து, மீண்டும் எடுத்து அனுப்பவும்."

செவந்தி வேட்டியைக் கொடியில் போட்டபடியே நின்றுவிட்டாள். "பேச்சுக் குடுக்கணுமா? ஆத்தாடி! உசுரோட இருந்தப்பவே சிரிக்காத மனுசனுங்க அவரு!" அதற்குமேல் பேச முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. வெள்ளை வேட்டியில் பட்ட வெயில் அவள் முகத்தில் திரும்பி விழுந்தது, பாடத்தில் சொன்னது சொன்னபடி.

அழகுமலை பாய்ந்து போனான். இரண்டு விரலும் தன்னால் அவள் மோவாய்க்கு நீண்டன. சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

"இதுக்குத்தான் உக்கார மாட்டேங்கிறேன். சாவுக்குப் பயந்தா? இல்ல. அந்தப் பொட்டிகிட்டப் போனதும் நீங்க வேற ஆளு. ஒரு வார்த்த பேச மாட்டீக. என்னயப் பாக்க மாட்டீக, மோவாயத்தான் பாப்பீக. ஒங்களுக்கு முன்னால அப்படி உக்கார எனக்கு வேணாம்."

அவனுக்குச் சுருக்கென்றது. பட்டணத்திலிருந்து வந்த காகிதமும் அதைத்தானே சொன்னது? கேமராவுக்கு முன்னால் இருந்த யாரிடமும் அவன் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்கிற ஆட்களும் இல்லை. அவளுமா அவர்களில் ஒருத்தி? வெட்கமாக இருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"செவந்தி, ஒன்னய ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுங்க. ஆனா பேசிக்கிட்டே எடுக்கணும்."

"என்னத்தப் பேச?"

"அந்தப் பெரியவர்கிட்ட என்ன பேசியிருப்பீக? அதச் சொல்லுங்க."

அவன் கேமராவுக்குப் பின்னால் போய் யோசித்தான். "ஐயா, கொஞ்சம் மூச்ச விடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவள் வெடித்துச் சிரித்தாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

சர்டிபிகேட் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'ஆள் அசைந்து படம் மங்கியிருக்கிறது. இருக்கட்டும். முகம் பேசுகிறது.' அழகுமலை முதல் வேலையாக ஆண்டிச்சாமியின் மகனிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவர் முதலில் முறைத்தார். பிறகு, அந்தத் தியானப் படத்தில் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ போர்டு ஏறியது. அதற்குக் கீழே சர்டிபிகேட்டை மாட்டாமல் செவந்தியின் சிரிப்பை மாட்டினான். முதல் ஆளாக வந்தவர் மரியசெல்வம் வாத்தியார். படத்தை வெகுநேரம் பார்த்தார். வாசலைத் தாண்டவில்லை.

"அழகு, துண்டு எங்க?"

"தோள்ல கெடக்கு வாத்தியாரே."

"அத ஒம் பொஞ்சாதிகிட்டக் குடுத்துட்டு வா. அப்புறம் உக்காருறேன்."

உள்ளே இருந்த செவந்தியிடம் கொடுத்துவிட்டு வந்தான். கேமரா பக்கமே போகாமல், அவர் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுங்க வாத்தியாரே, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"