சிலுவை மறையும் இடம்

பஞ்சநாதன் படகை நிறுத்திக் கரையைப் பார்த்தார். மகன் மூழ்கிய இடத்தில் ஆண்டுதோறும் பூப் போடுவார். உடல் கிடைக்கவில்லை, அந்த இடம் மட்டுமே மிச்சம்.

மாதா கோயிலின் சிலுவை அம்மன் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். மசூதியின் மினார் தண்ணீர்த்தொட்டியை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் அதுதான் இடம்.

இன்று மினார் தொட்டியை ஒட்டி நின்றது. சிலுவையோ எதற்குப் பின்னாலும் மறையவில்லை. திருப்பணிக்காகப் பழைய கோபுரத்தை மாசியில் இடித்துவிட்டார்கள்.

"போன்ல குறிச்சி வெச்சிருக்கலாம்ல மாமா?" என்றான் மனைவியின் தம்பி ராஜவேல்.

"கோபுரம் எங்கடா போயிடப்போவுதுன்னு இருந்துட்டேன்."

"புதுசு இன்னும் ஒசரமா வருதாம்."

"ஒசரமா வரும். ரோட்டுப் பக்கமா தள்ளியில்ல கட்றாங்க."

கோயிலுக்குள் வர முடியாதவர்களும் தூரத்திலிருந்தே கும்பிடத்தான் கோபுரம் என்பார்கள். மகன் போனபின் அவர் அதைக் கும்பிட்டதில்லை. சிலுவை அதன் பின்னால் மறைகிறதா என்று மட்டும் பார்த்தார்.

"இங்கயே போட்டுடலாமா மாமா?"

"வேணாம். மினாரு தொட்டிய வுட்டு வெலகாம மெதுவா ஓட்டு. இந்தக் கோட்டுலதான் எங்கயோ இருக்கான்."

ராஜவேல் இன்ஜினை முடுக்கினான். பஞ்சநாதன் சாமந்தியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். கோடு பாதிகூட முடியவில்லை, பூ தீர்ந்துவிட்டது.