ஏம்பலத்துப் புதன்கிழமைகள்

மார்கழிப் பனியில் ஏம்பலம் போகும் சாலை பாதிதான் இருக்கும். மீதியைச் சைக்கிள் போகப் போக யாரோ முன்னால் விரித்துக் கொடுப்பதுபோல அன்புராஜுக்குத் தோன்றும். இரண்டு பக்கமும் கரும்பு பூத்து நின்றது. பூ எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் யேசுபாதம் தெலுங்கில் ஏதோ முனகிக்கொண்டே வந்தான். அந்த முனகல் கேட்கும் தூரத்துக்குள்தான் இருவரும் எப்போதும் இருக்க வேண்டும். அது விதி.

அன்புராஜுக்கு இருபத்தொரு வயது. சூலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகன். மார்மன் என்னும் கிறிஸ்தவச் சபையின் ஊழியத்துக்கு இரண்டு வருடம் கொடுத்து வந்திருந்தான். ராஜமுந்திரிக்கார யேசுபாதம் அவனுக்குக் கூட்டாளி. வில்லியனூரில் ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை, அதில் பெயருக்கு முன்னால் எல்டர் என்ற பட்டம். மூப்பர் என்று பொருள் சொன்னால், மீசை அரும்பிய இரண்டு பையன்களையும் பார்த்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். வேதம் படிக்க வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. டீ, காபி கூடாது. திங்கட்கிழமை துணி துவைத்து முடித்தபின் வீட்டுக்குப் போன் பேசலாம். பதினான்கு மாதம் இப்படிப் போனதில் நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டிருந்தன. எந்தத் தெருவில், எந்த வீட்டில், யாரிடம் என்ன பேசினோம் என்பதெல்லாம் விடியற்காலைக் கனவுபோல அரைகுறையாகத்தான் நினைவில் நின்றது.

புதன்கிழமை மட்டும் கலையாமல் இருக்கும். அன்று ஜெயசுதாவுக்கு விடுப்பு. அரியூர் மருத்துவக் கல்லூரியில் வார்டு வேலை செய்பவள். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் இருந்தபோது சபையில் சேர்ந்தவள். ஏம்பலம் காலனியின் கடைசித் தெருவில் வீடு. கணவர் சுப்புராயன் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிப்பவர். சபைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

முதல் புதன் அன்று, இவர்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தியதுமே சுப்புராயன் கடைக்கு நடந்துபோய்த் தூக்கில் டீ வாங்கி வந்தார்.

"நாங்க டீ குடிக்கறதில்லீங்கண்ணா" என்றான் அன்புராஜ், வழக்கமான சிரிப்போடு.

அவர் தூக்கை மூடி வைத்தார், சட்டையை மாட்டினார், வெளியே போய்விட்டார். வீட்டில் ஆண் இல்லாதபோது உள்ளே போகக் கூடாது என்பது ஊழியக்காரர்களுக்கு இன்னொரு விதி. அதனால் முருங்கை மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து ஜெபித்து, படித்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த புதனும் அப்படியே. இவர்கள் வருவார்கள், அவர் போவார். இப்படி ஏழு வாரம்.

எட்டாவது புதன் அன்று பாதி வழியில் அன்புராஜின் சைக்கிள் செயின் அறுந்தது. முன்னாலும் பின்னாலும் வெள்ளையாக இருந்தது. வயலில் நாற்று நடும் பெண்களின் குரல்கள் மட்டும் ஆளில்லாமல் வந்தன. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் மெல்ல வந்து பக்கத்தில் நின்றன. சுப்புராயனின் வண்டி.

"இன்னாபா, செயின் போச்சா?"

"ஆமாங்கண்ணா."

"பின்னால தூக்கிப் போடுங்க." கதவைத் திறந்துவிட்டுக் கேட்டார்: "எங்க வண்டியில ஏறுவீங்க இல்ல?"

கேலி என்று நினைத்து அன்புராஜ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

முன்னிருக்கையில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் பனி வழிந்தது. வண்டி ஓடுகிறதா, கரும்புதான் பின்னால் மிதந்து போகிறதா என்று தெரியாதபடி போயிற்று.

"ஏழு வாரமா வர்றீங்க" என்றார் சுப்புராயன், சாலையைப் பார்த்தபடியே. "எங்க வூட்டு வாசப்படிய தாண்டல. எங்க வூட்டு டம்ளர தொடல. எங்கப்பா கரும்பு வெட்டப் போன எடத்துல எங்களுக்கு அப்படித்தான். இப்ப எங்க வூட்டுக்கே வந்து அதையே செய்றீங்களே, இன்னாபா இது?"

அன்புராஜ் அவர் பக்கம் திரும்பினான். "ஐயோ, அது அப்படியில்லீங்கண்ணா. எங்க சபையில ஒரு ரூல்..."

"ஜெயசுதா சொன்னா. எங்கப்பாவுக்கும் ரூல்னுதான் சொன்னாங்க."

யார் எதைக் கேட்டாலும் சொல்ல அவனிடம் பதில்கள் இருந்தன. ராத்திரி பகலாகப் படித்து மனப்பாடம் செய்தவை. அவற்றுக்குப் பதிலாகச் சூலூரில் பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் ஆணியில் தனியாகத் தொங்கிய ஒரு டம்ளர் அவன் கண்முன் வந்து நின்றது. சின்ன வயதில் அதில் தண்ணீர் மொண்டதற்குப் பெரியம்மா கையில் அடித்தாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

ஏம்பலம் நெருங்கியதும், "அண்ணா, இன்னிக்கு வீட்டுல இருப்பீங்களா?" என்று கேட்டான்.

"லோடு பத்து மணிக்கு. எதுக்கு?"

"நீங்க இருந்தா நாங்க உள்ள வருவோம். மொத நாளே உங்களக் கேட்டிருக்கோணும். அக்காகிட்ட என்ன பேசறதுன்னே ரோசனை பண்ணிட்டு வந்தேன். உங்கள இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. தப்புதானுங்க."

சுப்புராயன் கியரை மாற்றினார். "நான் போறதுதான் உங்களுக்கு வசதியோன்னு நெனச்சேன்" என்றார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் படியேறி உள்ளே வந்தபோது, அரிசி களைந்துகொண்டிருந்த ஜெயசுதா கையை எடுக்காமல் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். சுப்புராயன் பாயை விரித்தார். அன்புராஜ் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பிறகு சுப்புராயனே கூழ் கரைத்து, கருவாட்டோடு கொண்டுவந்து வைத்தார். யேசுபாதம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினான்.

"கூழு இன்னும் உந்தா, அண்ணா?"

இருக்கா என்பதை அவன் தெலுங்கில் கேட்டதும் ஜெயசுதா வாயைப் பொத்திச் சிரித்தாள். சுப்புராயனுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு அவரும் சிரித்தார்.

பனியில் நனைந்ததாலோ, கூழின் குளிர்ச்சியாலோ, அன்புராஜுக்கு உடம்பு கனத்தது. புத்தகத்தைத் திறந்தான். எழுத்துகள் மிதந்தன.

"மூஞ்சே சரியில்ல. செத்த படுங்க, எல்டர்" என்றாள் ஜெயசுதா.

படுக்கலாமா என்று யோசிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. பாதித் தூக்கத்தில் பேச்சுகள் வந்து போயின. கோதாவரி எவ்வளவு அகலம் என்று யேசுபாதம் கை விரித்துச் சொன்னான். அந்த ஆறு ஏம்பலம் வழியாக, கரும்புக்கு நடுவே, சத்தமில்லாமல் போயிற்று. சூலூர்ப் பட்டறையின் இரும்புச் சுருள்கள் வெள்ளிப் பூக்களாக அதில் மிதந்தன. யாரோ அவன்மேல் போர்வையை இழுத்துவிட்டார்கள். ஊரை விட்டு வந்தபின் அப்படி ஒரு தூக்கம் அவனுக்கு வாய்த்ததில்லை.

கண் விழித்தபோது வெயில் உள்ளே வந்திருந்தது. மணி பதினொன்று. சுப்புராயன் வாசற்படியில் உட்கார்ந்து சைக்கிளுக்கு வேறு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். அன்புராஜ் பதறி எழுந்தான்.

"லோடுங்கண்ணா?"

"மதியானம் வரேன்னு சொல்லிட்டேன். நான் கெளம்பிட்டா உன்ன எழுப்பி வெளிய அனுப்பணும் இல்ல" என்றார், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி.

அடுத்து வந்த திங்கட்கிழமை போனில் அம்மா வழக்கம்போலக் கேட்டாள்: "இந்த வாரம் ஆராச்சும் சேர்ந்தாங்களா, கண்ணு?"

"யாரும் சேரலம்மா. ஒருத்தர் வீட்டுல தூங்கினேன்."

"காச்சலா?"

"இல்லம்மா. நல்ல தூக்கம்."

மாசி முடியும்வரை அவன் அந்தப் பக்கம் இருந்தான். பிறகு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. சுப்புராயன் சபையில் சேரவில்லை, சேரும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆனால் புதன்கிழமைகளில் வண்டியை எடுக்காமல் வீட்டில் இருந்தார். கடைசிப் புதன் அன்று பனி முழுக்க விட்டிருந்தது. வெட்டிய கரும்புக் கொல்லை வழியாகக் காற்று வந்தது. அன்புராஜ் படித்தான். சுப்புராயன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அவன் நிறுத்தினான்.

"படிப்பா" என்றார், கண்ணைத் திறக்காமல். "கேட்டுக்கினுதான் இருக்கேன்."